சம்பந்திகளுக்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு

சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் ஆறிக்கொண்டிருந்தன. என்னை ஊருக்கு அழைத்துப் போக வந்த அம்பாசடர் கார் வாசலில் நின்றது. முழங்கைவரை கண்ணாடி வளையலோடு நான் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் ஒரு பச்சை நிற சிமெண்ட் பெஞ்சு. அதன் ஒரு ஓரத்தில் என் அப்பா. மறு ஓரத்தில் என் மாமனார். நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். அப்பா வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டாலும் இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு வாரேன்."

எனக்கு அன்றைக்கு வளைகாப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி, எல்லாம் முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர் விளக்குக்கு முன்னால் வந்து நின்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று கேட்க வேண்டும். மாமனார் சந்தோஷமாகக் கூட்டிப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாக்கியம் சொல்லப்படாமல் நான் வாசற்படியைத் தாண்ட முடியாது. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு காது

இது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் தெருவுக்கு டெலிபோன் கம்பி வந்த வருஷமாக இருக்கலாம், அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம். பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலை மேடாக்கிப் போட்ட புது மனைகளில் வீடு கட்டிக் குடிவந்த கதையை இந்தப் பத்தியில் சென்ற வாரம் சொன்னேன். அந்த வீட்டில் நடந்த முதல் விசேஷம் இது.

என் அப்பா ஆழ்வார்திருநகரிக்காரர். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் குறைவு, கௌரவம் அதிகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடையில் அவரை நாங்கள் பிள்ளைகளே பார்த்ததில்லை.

என் மாமனார் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். நல்ல உயரம். மில் இரைச்சலில் பேசிப் பழகியதால், பக்கத்தில் நிற்பவரிடமும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசுவார்.

இருவருக்கும் சண்டை வந்தது எங்கள் கல்யாண ஆல்பத்தால்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் ஒன்று அதில் இருந்தது. எல்லோரும் தெரிந்தார்கள். சமையல்காரர்கூடத் தெரிந்தார். அப்பாவை மட்டும் காணவில்லை. வெகுநேரம் தேடியபிறகு, மாமனாரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அம்மாதான் அதை அடையாளம் கண்டுபிடித்தாள்.

பெண்ணைப் பெற்றவன் ஒரு காதை வைத்துக்கொண்டு ஊரில் யாரிடம் படத்தைக் காட்டுவான் என்று அப்பா கேட்டார். வீட்டுக்குள்தான் கேட்டார். ஆனால் அந்த நேரம் ஓர் உறவினர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கேள்வியை அடுத்த வாரமே விக்கிரமசிங்கபுரத்தில் கொண்டுபோய் இறக்கினார். மாமனார் ஒரே ஒரு வரி பதில் சொல்லி அனுப்பினார்.

"காதாவது தெரியுதுல்லா."

அன்றோடு பேச்சு நின்றது. அதன்பின் ஏதாவது விசேஷத்தில் சந்தித்தால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே, "கோமதி, கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு உங்க மாமாட்டக் கேளு" என்பார் அப்பா. மாமனார் பதிலை என்னிடம் சொல்வார். அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். அப்பா மட்டும் நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார்.

நாற்காலியின் குற்றம்

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எனக்குத் தூக்கம் போனது. அன்றைக்காவது இருவரும் நேருக்கு நேர் பேசியாக வேண்டும். என் கணவர் ஆவுடையப்பன் இதை ஒரு பொறியியல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். அவர் தபால் ஆபீஸ் கிளார்க். அதனால் அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

எல்லாத் தவறும் நாற்காலியினுடையது என்றார். அப்போதுதான் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. ஒரு விரலால் தூக்கலாம். எங்கே போட்டாலும் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போவார், மாமனார் எதிர் மூலைக்குப் போவார். ஆளுக்குத் தனி நாற்காலி இருக்கும்வரை இதற்கு முடிவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரணும். அதைத் தூக்கிட்டுப் போகவும் முடியக் கூடாது" என்றார். "சிமெண்ட் பெஞ்சுதான் சரி."

மதுரை ரோட்டோரம் சிமெண்டில் பூந்தொட்டி, அன்னம், தாமரைத் தொட்டியெல்லாம் செய்து விற்கும் இடம் ஒன்று இருந்தது. என்னையும் கூட்டிப் போனார். மரத்தடியை அறுத்து வைத்ததுபோல ஒரு பெஞ்சு, அதன் முதுகில் ஓர் அணில். அழகாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டார். கொஞ்ச நேரம் அணிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அணில் இல்லாம என்ன வெல?"

அணில் பெஞ்சோடு சேர்ந்தே வார்த்தது, தனியாக வராது என்றார்கள். வீடு கட்டிய கடனில் நாங்கள் ரசச் சோற்றோடு காலம் தள்ளிய நேரம் அது. திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்தபடி, சிமெண்ட், மணல், தண்ணீர், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து சேலை சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துக்கொண்டேன். பதில் சொல்லியிருக்கலாம்.

ஒட்டகமும் ஆடும்

வீடு கட்டி மிஞ்சிய சிமெண்ட் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஈரம் கண்டு கட்டி தட்டியிருந்தது. அதைக் கணவர் என் மாமியாரின் மாவுச் சல்லடையில் சலித்தார். மாமியார் என்னைப் பார்த்துக்கொள்ளச் சில மாதம் முன்பே வந்துவிட்டார். மாமனார் மட்டும் தன் பழைய சைக்கிளை விட்டுவிட்டு வர மனமில்லாமல் விக்கிரமசிங்கபுரத்திலேயே இருந்தார்.

மிச்ச மணல் காம்பவுண்டு மூலையில் கிடந்தது. தெருப் பூனைகள் அதை வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டிருந்ததால் கழுவிக் காயவைக்க வேண்டியிருந்தது. கம்பிக்கு ஒரு பழைய இரும்புக் கட்டில் உயிரை விட்டது. அச்சுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், கான்கிரீட் ஊற்ற அடிக்கும் சென்டரிங் பலகை இரவல் வாங்கினார்.

பலகையில் சிமெண்ட் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவ வேண்டும். வாங்கவேண்டாம் என்று மாமியார் வடை சுட்ட எண்ணெயைக் கொடுத்தார். உட்காரும் பலகைக்கு அந்த எண்ணெயும் போதவில்லை. கணவர் வாழை இலையை விரித்து அதன்மேல் ஊற்றினார். பிறகு கவிழ்த்துப் பார்த்தபோது சிமெண்டு முழுக்க இலையின் நரம்புகள் பதிந்திருந்தன. நிஜமாகவே அழகு. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அவரைப் பாராட்டினேன். அதுதான் திட்டமே என்றார்.

முதுகுப் பலகையில் தாமரை வேண்டும் என்று ஆசைப்பட்டார். கையால் செதுக்கிப் பார்த்தார். முட்டைக்கோஸ் வந்தது. மறுநாள் காலை மாமியார் இட்லித் தட்டைத் தேடினார். அது சிமெண்டுக்குள் இருந்தது.

அன்றும் அதற்கு மறுநாளும் வீட்டில் உப்புமா. பலகையைப் பிரித்தபோது, முதுகு முழுக்க வரிசை வரிசையாக இட்லி. தட்டின் சின்னச் சின்ன ஓட்டைகளும்கூட ஒவ்வொரு இட்லியின் மேலும் புள்ளியாகப் பதிந்திருந்தன. மாமியார் குனிந்து ஓர் இட்லியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"வெந்திருக்குலே" என்றார் மகனிடம்.

(இந்தப் பகுதியை எழுதும்போது என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். இட்லித் தட்டை மட்டும் விட்டுவிடலாமே என்றார். விடவில்லை.)

கை வைக்கும் இடத்தில் சிங்க முகம் இருக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. கூட வேலை பார்த்த மிக்கேல் உதவிக்கு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் புன்னக்காயல். அங்கே அவருடைய மாமா ஒருவர் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை வார்ப்பவர். அவரிடம் கேட்டு அச்சு வாங்கி வருவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார்.

குடிலில் சிங்கம் கிடையாது. ஓர் ஆடும் ஓர் ஒட்டகமும்தான் இருந்தன.

மாமியார் ஒட்டகத்தின் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கழுதையா என்று கேட்டார். மிக்கேல் மனம் புண்பட்டார்.

"மூணு ராசாக்களும் ஏறி வந்த ஒட்டகம்மா இது. எங்க மாமா வீட்டுக் குசினியில, அடுப்புக்கு மேல பரணுல பத்திரமா வச்சிருந்தது."

ராஜாக்கள் ஏறிய ஒட்டகம் என்றதும் என் கணவர் சமாதானமானார். ஒரு பக்கம் ஒட்டகத் தலை, மறுபக்கம் ஆட்டுத் தலை. இரண்டும் ஒரே அளவு. ஒட்டகம் மெலிந்த ஆடுபோலவும், ஆடு தின்று கொழுத்த ஒட்டகம்போலவும் தெரிந்தன.

எல்லாத் துண்டுகளையும் பவழமல்லிச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சேர்த்துப் பூசினார்கள். அன்று மாலையே வடை எண்ணெய் வாசனைக்கு எறும்புகள் வரிசை கட்டி வந்தன. முதலில் இட்லிகளுக்குத்தான் போயின.

எடை பார்த்தது

பெஞ்சு தாங்குமா என்று பார்க்க வேண்டும். அரிசி மூட்டையை வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். மூட்டை உட்காரும் விதம் வேறு, மனிதர் உட்காரும் விதம் வேறு என்றார் கணவர்.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் எங்கள் பகுதியிலேயே கனத்த மனிதர். அவரிடம் போய், என்ன காரணம் என்று சொல்லாமல், வீட்டுக்கு ஒரு நடை வந்து போகும்படி கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மரியாதையாக வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார். நானும் மாமியாரும் வாசலில் நின்றோம். கணவர் தரையில் படுத்து, பெஞ்சுக்கு அடியில் விரிசல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, கீழே என்ன சோலி?" என்றார் அண்ணாச்சி.

எறும்பு பார்க்கிறேன் என்றார் கணவர். உண்மையும் அதுதான், எறும்பு நிறையவே இருந்தது.

பெஞ்சு அசையவில்லை. அண்ணாச்சியும் அசையவில்லை. காற்று சுகமாக இருக்கிறது என்று காபி வாங்கிக் குடித்து, கடையைத் திறக்க ஆள் வந்து கூப்பிடும்வரை இருந்தார். போகும்போது முதுகைத் தடவிக்கொண்டு, பெஞ்சு பிரமாதம், ஆனால் என்னமோ உருண்டை உருண்டையாகக் குத்துகிறது என்றார்.

பச்சை

விசேஷத்துக்குச் சில நாள் இருக்கையில் மாமியார் ஒரு விஷயம் சொன்னார். பெயிண்ட் அடிக்காத சிமெண்டு சாம்பல் நிறத்தில், ஆளுயர நீளத்தில், செடிக்குக் கீழே இருப்பதைப் பார்த்தால் சமாதிபோல இருக்கிறது. சுபகாரியத்தில் சம்பந்தியை அதன்மேல் உட்காரவைக்க முடியாது.

பெயிண்ட் வாங்கக் காசில்லை. கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. மண்ணெண்ணெய் கலந்து கணவர் அதை அதிகமாக்கினார். அடித்து முடித்தபோது மங்கலாகத் தெரிந்தது. கதவுக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷை அதன்மேல் பூசினார். இப்போது பளபளவென்று, ஈரத்தில் நனைந்த தவளைபோல மின்னியது.

சிமெண்டின் ஈரமே உள்ளே காயவில்லை. ஐப்பசி மழை வேறு விட்டுவிட்டுப் பெய்தது. மழை நின்ற நேரங்களில் கணவர் பனையோலை விசிறியோடு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்து அதற்கு விசிறினார். எனக்கு ஒருநாளும் அப்படி விசிறியதில்லை.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலை பார்த்தால், இரவில் உதிர்ந்த பவழமல்லிப் பூக்கள் பெஞ்சின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் வரவில்லை. வெள்ளை இதழும் சிவப்புக் காம்புமாகப் பச்சையில் பதிந்து கிடந்தன. அது என்ன என்று கேட்டேன். அதுவும் டிசைன் என்றார். விரல் வைத்துப் பார்த்தேன். விரல் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

விரலுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வெயில் வந்தது

வளைகாப்பு அன்று ஒரு வாரமாகக் காணாத வெயில் காலையிலேயே அடித்தது. மாமனார் முதல் பஸ்ஸில் புது வேட்டியோடு வந்து இறங்கினார். அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர்களோடு காரில் வந்தார்கள். அப்பாவின் வேட்டி கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

மாமியார் எல்லா நாற்காலிகளையும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். இது அவரும் மகனும் பேசி வைத்தது. மாமனாரைத் தோட்டத்துக்கு அனுப்பினார். கணவர் அப்பாவின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுற்றிலும் பார்த்தார்கள். வேறு இருக்கை கிடையாது. நின்றுகொண்டே இருந்தால் எதிராளிக்குப் பயந்ததாக ஆகும். உட்கார்ந்தார்கள். அப்பா ஒட்டகத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மாமனார் ஆட்டின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், பாட்டுப் பாடினார்கள். அவ்வளவு நேரமும் வெயில் பெஞ்சின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

சாப்பிடக் கூப்பிட்டும் இருவரும் வரவில்லை என்றதும் வீட்டுக்குள் பேச்சு மாறியது. யார் முதலில் எழுந்திருப்பது என்ற போட்டி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். முதலில் எழுந்தவர் தோற்றவர். எங்கள் பக்கத்தார் ஹெட்மாஸ்டர் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் பக்கத்தார் மாப்பிள்ளையைப் பெற்றவர் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றார்கள். காலையில் ஒன்றாகச் சந்தனம் அரைத்த பெண்கள் கூடத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள்.

என் அம்மா அடுக்களையில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். இந்தக் கோபத்தோடு கூட்டிப் போனால் நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க யார் வருவார்கள் என்று என்னிடம் கேட்டாள். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. வளையல் குலுங்கிய சத்தத்துக்கோ என்னவோ.

என் கணவர் தோட்டத்துக்குப் போய் இருவர் முன்னாலும் கைகூப்பி நின்றார். இருவரும் சேர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாமல், காரியம் கெட்டது என்று திரும்பி வந்தார்.

உதடு பேசியது

மில்லில் நூல் நூற்கும் பகுதியில் இயந்திரச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கத்துவது ஒரு வழி. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவது இன்னொரு வழி. மாமனாருக்கு இரண்டும் வரும். வீட்டிலும் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததை மாமியாரிடம் இரண்டாவது முறையில்தான் சொல்வார். அத்தனை வருஷத்தில் மாமியார் அந்த உதடுகளைப் பத்திரிகை படிப்பதுபோலப் படிக்கப் பழகியிருந்தார்.

இப்போது தோட்டத்தில் மாமனாரின் உதடு அசைந்தது. மந்திரம் சொல்கிறார் என்றாள் ஒருத்தி. சாபம் கொடுக்கிறார் என்றாள் எங்கள் பக்கத்தாள்.

மாமியார் பாயசத் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தார். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தார். தூக்கைக் கீழே வைத்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. என் அம்மா பதறி ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள்.

"என்ன மதினி, என்னாச்சு?"

"ஒட்டிக்கிடுச்சாம்" என்றார் மாமியார். "ரெண்டு பேருக்கும் வேட்டி ஒட்டிக்கிடுச்சாம்."

பெஞ்சில் அதற்குமுன் நடந்ததை அப்பா பிற்பாடு என்னிடம் சொன்னார். பாட்டு நடக்கும்போதே சற்று நகர்ந்து உட்காரப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மறு ஓரத்திலிருந்து 'கிர்' என்று துணி இழுபடும் சத்தம் கேட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் அந்தக் குரல், அதன் வாழ்நாளிலேயே முதல்முறையாக மெதுவாக.

"சம்பந்தி. உங்களுக்கும் புடிச்சுக்கிச்சா?"

அப்பா கேட்டைப் பார்த்தபடியே ஆமாம் என்றிருக்கிறார்.

"எம்புட்டு?"

"முழுசும்."

"எந்திச்சா கிழியும்."

"தெரியும்."

"பொம்பளையாளுக நிக்காங்க."

"அதுவும் தெரியும்."

"நீங்க நேரா இருங்க. எம் பொண்டாட்டி வெளிய வரட்டும். நான் சத்தமில்லாமச் சொல்லுதேன்."

இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்றார் அப்பா. அதன்பின் மாமியார் வாசலுக்கு வரும்வரை இருவரும் நேராக இருந்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் கணவர் மண்ணெண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "கிட்ட வராத" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேட்டியை அவிழ்த்துப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தால் போதுமே என்று விசேஷத்துக்கு வந்திருந்த மிக்கேல் யோசனை சொன்னார். அவரை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மாமனார் மில் குரலில் எல்லோரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். பெண்கள் திரும்பினார்கள். ஜன்னலில் நானும் திரும்பிக்கொண்டேன். தனியாக ஒருவர் எழுந்தால் மற்றவர் பார்த்துச் சிரிப்பார் அல்லவா, அதனால் ஒன்றாக எழுவது என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது.

ஜவுளிக் கடையில் துணி கிழிப்பதுபோல ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

பிறகு இருவரும் காம்பவுண்டுச் சுவரில் முதுகைத் தேய்த்தபடி, பக்கவாட்டில் நண்டு நடையில் நடந்து பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார்கள். நான் திரும்பித்தான் இருந்தேன். ஆனால் எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. என்ன செய்ய.

கட்டமும் பூவும்

வீட்டில் மாற்று வேட்டி இல்லை. வெயிலைக் கண்டு துவைத்துப்போட்ட கணவரின் வேட்டிகள் எல்லாம் இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. உலர்ந்திருந்தது இரண்டே லுங்கி. ஒன்று நீலக் கட்டம் போட்டது, நிதானமானது, என் கணவர் உயிராக வைத்திருந்தது. மற்றது யாரோ அவருக்குக் கொடுத்தது. அடர் சிவப்பில் தாம்பாளம் அளவு மஞ்சள் பூக்கள். வீட்டுக்குள்கூட அவர் அதைக் கட்டியதில்லை.

பின்கட்டு அறையில் கதவுக்கு வெளியே நின்று நான் இரண்டையும் நீட்டினேன். அப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. லுங்கி கட்டிக்கொண்டு விளக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

மாமனார் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கட்டம் போட்டதை அப்பாவிடம் கொடுத்தார்.

"நீங்க இதக் கட்டுங்க சம்பந்தி. பூவ நான் கட்டிக்கிடுதேன்."

அப்பா வாங்கிக்கொண்டார். உடனே கட்டவில்லை. மாமனார் அந்தச் சிவப்பு லுங்கியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் கட்டினார்.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாதவர்கள் எல்லாம் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். அப்பாவுக்கு லுங்கி நீளம். தரையில் இழுத்தது. விளக்குக்கு முன்னால் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம் சம்பந்தி."

"சந்தோசமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மாமனார். "ரோடு பூரா மழையில குழியாக் கெடக்கு. பைய போகச் சொல்லுங்க. வயித்துப்பிள்ளக்காரி."

ராகுகாலம் வந்துவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. மாமியார் கடிகாரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அதன்பின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் கணவர் பரிமாற வந்தார். பெஞ்சை எந்த மடையன் செய்தான் என்று மாமனார் கேட்க, வார்னிஷை யார் பூசச் சொன்னது என்று அப்பா கேட்க, கணவர் அப்பளக் கூடையோடு நின்று இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார். தான் நினைத்தது அப்படியே நடந்துவிட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பெஞ்சில் ஒட்டிய இரண்டு வெள்ளைத் துணியும் கடைசிவரை முழுதாக வரவில்லை. அடுத்த கோடையில் அதன்மேலேயே பெயிண்ட் அடித்தோம்.

ஊர் பார்த்தது

கார் கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் என்று மெதுவாகப் போனது. அப்பா முன்சீட்டில் இருந்தார். ஒருதடவை வேகம் கூடியபோது டிரைவரின் தோளைத் தொட்டு, பைய போகச் சொல்லிச் சம்பந்தி சொல்லியிருக்கிறார் என்றார். இதைக் கேட்டு என் அம்மா என் கையை அழுத்தினாள்.

ஆழ்வார்திருநகரியில் எங்கள் தெருவுக்குள் பந்தல்கால் நட்டிருந்ததால் கார் போகவில்லை. முனையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. பிற்பகல் வெளிச்சம். கடைகளில் ஆட்கள். அப்பாவிடம் படித்தவர்கள் பாதிப் பேர். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அப்பா அதை வாங்கவில்லை.

கதவைத் திறந்து இறங்கினார். லுங்கியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே சைக்கிளில் வந்த பழைய மாணவர் ஒருவர் இறங்கி நின்றார். வணக்கம் சொன்னார். பார்வை கீழே போனது. மறுபடி மேலே வந்தது.

"சார், என்ன இது?"

"சம்பந்தி குடுத்தது" என்றார் அப்பா, சால்வையைக் காட்டுவதுபோல. நிற்காமல் நடந்தார்.

மகள் பிறந்தபின் பிள்ளையைப் பார்க்க என் கணவர் வந்தார். தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகக் கொல்லைக் கொடியைப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"அது என் லுங்கில்லா" என்றார் மெதுவாக.

நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். போனார். அப்பா கொல்லையில் அதை மடித்துக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா திரும்பினார்.

"மாப்ளை, எத்தன துவை துவைச்சும் சாயம் போகல பாருங்க. எங்க சம்பந்தி இத எந்தக் கடையில வாங்குதாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

என் கணவர் லுங்கியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"கேட்டுச் சொல்லுதேன் மாமா" என்றார்.